நாலு நீலப் புள்ளிகள்

கதவுக்காரரிடம் வேலை கொடுத்தவர்களில் அவரோடு ஒரு தடவையாவது சண்டை போடாதவர்கள் கிடையாது. பலகை வந்து இறங்கி இரண்டு மாதம் ஆகியிருக்கும், அவர் தொட்டிருக்கமாட்டார். கேட்டால் ஈரம் இருக்கிறது என்பார். ஒவ்வொரு பலகையின் முனையிலும் அகலத்தைப் பென்சிலால் எழுதித் தேதி போட்டுப் பட்டறையின் பின்சுவரில் சாய்த்து வைத்திருப்பார். பத்து நாளைக்கு ஒருமுறை அளப்பார். போன தடவையைவிடக் குறைந்திருந்தால் மரம் இன்னும் சுருங்குகிறது என்று அர்த்தம். அளவு ஒரே இடத்தில் நின்ற பிறகுதான் வாள் வைப்பார். புது வீட்டுக்காரர் வாசலில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு குடியிருந்தாலும், நாய் உள்ளே வந்து சோற்றுப் பானையை உருட்டிவிட்டுப் போனாலும் அவருக்கு என்ன வந்தது? ஆனால் அவர் செய்த கதவு மழைக்கு இறுகியதும் இல்லை, வெயிலுக்கு வாய் பிளந்ததும் இல்லை. அதற்காகத்தான் எல்லாரும் அந்தத் திமிரைப் பொறுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. தகரக் கூரை, பகல் பன்னிரண்டு மணிக்கு உள்ளே நின்றால் மண்டை காயும். மூன்று பேர்தான் ஆள். அறுக்கிற இயந்திரத்தில் அவர் மனைவியின் தம்பி நிற்பான். முப்பத்தைந்து வயது ஆள்; மாமா சொன்னால் மாடியிலிருந்து குதிப்பான். மனைவிதான் உப்புத்தாள் தேய்த்து, ஓட்டைக்கு மக்கு வைத்து அடைத்து, பாலிஷ் போடுகிறவள். தெருவில் அவளைப் பாலிஷ்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சாயம் ஏறி அவள் நகமெல்லாம் எப்போதும் பழுப்பாக இருக்கும்.

பட்டறைக்குள் பீடி பற்ற வைக்க முடியாது. தரை முழுக்க மரச்சீவல், ஒரு பொறி விழுந்தால் போதும். அதனால் கதவுக்காரர் புகையிலையை இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டு வேலை செய்வார். இருபத்திரண்டு வருடம். "நெருப்புக்குப் பயந்த மனுஷன்" என்று பிற்பாடு சொல்லிச் சொல்லி அவர் மனைவி அழுதாள்.

கன்னத்துக்குள் புண் வந்ததை எட்டு மாதம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. பல்லு கூசுகிறது என்று ஒரு மாதம், சூடு என்று ஒரு மாதம் ஓட்டினார். வாய் கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டிக்கொண்டு வந்தது. ஒருநாள் கரண்டி பல்லில் இடித்து நின்றுவிட்டது. அன்றைக்கு அவர் முகத்தைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிய மனைவிக்குக் கன்னம் கல் மாதிரி கையில் தட்டுப்பட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை செய்கிற டாக்டர் ஒரு ஒல்லியான பெண். சிரிக்கத் தெரியாதவர், ஆனால் ஒன்றையும் மறைக்காதவர். வீக்கம் கன்னத்து எலும்பு வரைக்கும் ஏறிவிட்டது, இப்போது கத்தி வைக்க முடியாது என்றார். மூன்று வாரத்துக்கு ஒருதரம், மூன்று தடவை மருந்து ஏற்ற வேண்டும். சுருங்கினால் வெட்டி எடுக்கலாம். சுருங்காவிட்டால் என்று கதவுக்காரரின் மனைவி கேட்டதற்கு, முதலில் பார்ப்போம் என்று மட்டும் சொன்னார். பிறகு கன்னத்தை அழுத்தி அழுத்திப் பார்த்து, கெட்டி எங்கே முடிகிறதோ அங்கெல்லாம் ஊசியால் மையைக் குத்தி நான்கு நீலப் புள்ளிகள் வைத்தார். கண்ணுக்குக் கீழே ஒன்று, காதுக்கு முன்னால் ஒன்று, தாடை ஓரத்தில் ஒன்று, உதட்டு முனையில் ஒன்று. பின்னால் வெட்டுவதற்கு இதுதான் எல்லை, அழியாது என்றார். கதவுக்காரருக்கு அந்த ஒரு விஷயம் பிடித்திருந்தது. கோடு போடாமல் கை வைக்காத ஆள் என்று பஸ்ஸில் வரும்போது டாக்டரைப் பாராட்டினார்.

மருந்து ஏற்ற ஒவ்வொரு தடவையும் மூன்று நாள் வார்டில் கிடக்க வேண்டும். பாட்டில் பாட்டிலாக உள்ளே போனதையும் சிறுநீராக வெளியே வந்ததையும் அளந்து எழுதுவது மனைவியின் வேலை. மரத்தை மாதிரி என்னையும் ஊறப் போட்டுத்தான் பதம் பண்ணுகிறார்கள் என்று முதல் நாள் சிரித்தார். இரண்டாம் நாள் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். வாய் திறக்காத மனிதன் வாந்தி எடுப்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது பெரிய கொடுமை. பல் இடுக்கு வழியாக மூச்சும் வாந்தியும் ஒன்றாக வரும், அவள் தலையைச் சாய்த்துப் பிடித்துக்கொள்வாள். அடுத்த படுக்கையில் இருந்த பஸ் டிரைவருக்கும் அதே நோய், நாக்கில். அந்த டிரைவரின் மனைவியும் இவளும் மாற்றி மாற்றிக் காவல் இருந்து தூங்கினார்கள்.

தலைமயிர் உதிர்ந்தது. தண்ணீர்கூட இரும்பு மாதிரி ருசித்தது. ஆனால் இரண்டாவது தடவை முடிந்து பத்தாம் நாள், வடிகட்டிய கஞ்சியைக் குழல் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தவர் ஒரு தேக்கரண்டி கேட்டார். கரண்டி உள்ளே போனது. மூன்றாவது தடவைக்குப் பிறகு மூன்று விரல் போகிற அளவுக்கு வாய் திறந்தது. குழைந்த சோற்றை முட்டையோடு பிசைந்து வைத்தாள். அவர் மென்றார். மெல்லுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. அடுப்பைப் பார்க்கப் போகிறவள் மாதிரி எழுந்து போய்ச் சமையலறைச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் மறுபடி படம் எடுத்துப் பார்த்து, நன்றாகச் சுருங்கியிருக்கிறது, இப்போது வெட்டலாம் என்று தேதி கொடுத்தார். அன்றிலிருந்து இருபத்திநாலாம் நாள் வந்து படுக்க வேண்டும். இடப்பக்கத் தாடை எலும்பு, கன்னம், தோலோடு சேர்த்து நான்கு புள்ளி வரைக்கும் எடுத்துவிட்டு, தொடையிலிருந்து சதை எடுத்து ஒட்டுவார்கள். கதவுக்காரர் கேட்டார், புண் இப்போது இத்தனூண்டு ஆகிவிட்டதே, பழைய புள்ளி வரைக்கும் ஏன் என்று. குளம் வற்றும்போது நடுவில் மட்டும் தண்ணீர் நிற்பதில்லை, அங்கங்கே குட்டை தேங்கி நிற்கும், அது மாதிரி கண்ணுக்குத் தெரியாமல் பழைய இடமெல்லாம் உயிரோடு கிடக்கும் என்றார் டாக்டர். கதவுக்காரர் தலையை ஆட்டினார். அவர் அப்படி ஆட்டினால் சம்மதம் என்று அர்த்தமில்லை, மனதுக்குள் அளவு எடுக்கிறார் என்று அர்த்தம். முப்பது வருடம் குடித்தனம் பண்ணினவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். சோறு மென்ற சந்தோஷத்தில் அவள் கவனிக்கவில்லை.

நாள் நெருங்கியபோது ஆஸ்பத்திரியில் படுக்கை காலியில்லையாம், இரண்டு மாதம் தள்ளிப் போட்டிருக்கிறார்களாம் என்று அவர் வந்து சொன்னார். கோப்பு அவர் பெட்டியில் இருந்தது. அதில் எழுதியிருந்தது தம்பியின் போன் நம்பர். அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, இன்னும் இரண்டு மாதம் அந்த முகம் அந்த முகமாகவே இருக்கும் என்று. அப்படி நினைத்ததற்காக அவள் பிறகு தன்னை மன்னிக்கவே இல்லை.

அந்த நாட்களில் அவர் பட்டறைக்கு வந்தார். மொட்டைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இழைப்புளி தள்ளினார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்து, ஆள் பிழைத்துவிட்டார் என்றார்கள். கையிலிருந்து உளி அடிக்கடி நழுவி விழுந்தது. விரல் நுனி மரத்துப்போய் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று ஒருநாள் சொன்னார். மருந்தின் அசதி என்று அவள் பாலைக் கூட்டிக் கொடுத்தாள். ஐந்தாவது வாரம் சோற்றில் தண்ணீர் அதிகம் ஊற்றிக்கொள்ள ஆரம்பித்தார். கேட்டால் வெயில் என்றார்.

வாய் கொப்பளிக்கிற மருந்து தீர்ந்துபோனதென்று அவள் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மருந்து வாங்குகிற வரிசையில் டிரைவரின் மனைவி நின்றிருந்தாள். இவளைக் கண்டதும் வரிசையை விட்டு வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வரலைன்னுதான் அந்தப் படுக்கைய எங்களுக்குக் குடுத்தாங்க. எங்க நாளுக்குப் பதினஞ்சு நாள் முன்னாடியே ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கஷ்டம்னு டாக்டரம்மாவே சொன்னாங்க. நீங்க நல்லா இருக்கணும்."

டிரைவர் சாப்பிடுகிறாரா என்று இவள் கேட்டாள். மூக்கு வழியாகக் குழாயில் போகிறது, கண் ஜாடையில் திட்டுகிறார் என்று அந்த அம்மா சிரித்தாள். இவளும் சிரித்துவிட்டு மருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தை விட்டு மூன்று நிறுத்தம் தள்ளி இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வந்தாள்.

பட்டறையில் அவர் ஜன்னல் சட்டம் ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தார்.

"டிரைவர் சம்சாரத்தப் பாத்தேன். நம்ம படுக்கையில அவருக்கு ஆபரேஷன் ஆயிடுச்சாம். எனக்குக் கும்பிடு போடுறா அந்தப் பொம்பள."

இழைப்புளி நின்றது. தம்பி இயந்திரத்தை அணைத்தான்.

"ஆஸ்பத்திரியில இருந்து உனக்குத்தானடா போன் வந்திருக்கும். என்ன சொன்ன?"

"மாமாவுக்குக் காய்ச்சல்னு சொன்னேன்க்கா" என்றான் தம்பி. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவனை ஒண்ணும் சொல்லாத. நான்தான் சொல்லச் சொன்னேன்" என்றார் கதவுக்காரர்.

பின்சுவரில் சாய்ந்திருந்த பலகைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு துண்டுப் பலகையை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார். அதில் தேதி போட்டு வரிசையாக எண்கள் எழுதியிருந்தன. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கெட்டி எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று, விரலால் தடவிப் பார்த்து எஃகு அளவுகோலை வைத்து அளந்திருக்கிறார். ஆறு, பதினொன்று, பதினேழு, இருபத்திரண்டு, இருபத்தாறு மில்லிமீட்டர்.

"பாத்தியா. இன்னும் சுருங்கிட்டேதான் இருக்கு. இன்னும் ஒரு மாசம் விட்டா பட்டாணி அளவுக்கு வந்துடும். அப்பப் போய்ப் படுத்தா தாடையத் தொடாமலே எடுத்துடலாம். அந்தம்மா படிச்சவங்கதான், நான் இல்லைங்கல. ஆனா சுருங்குற பொருள்ல பழைய கோட்டுல வாள் வைக்கக் கூடாது. அது எனக்குத் தெரியும்."

"இது மரமா?"

"எதுவா இருந்தா என்ன. ஈரம் போனா எல்லாம் சுருங்கும்."

"குட்டை மாதிரி அங்கங்க ஒளிஞ்சு கிடக்கும்னு சொன்னாங்களே."

"எல்லாருக்கும் அதே பாட்டைத்தான் பாடுவாங்க."

"மேல பளபளன்னு இருக்குறதப் பாத்து நீங்க என்கிட்டயே சொல்றீங்க. உள்ள என்ன கிடக்கும்னு எனக்குத் தெரியாதா? எத்தனை ஓட்டைய மக்கு வச்சு மூடியிருக்கேன், உங்க கதவுலயே."

அவர் குரல் இறங்கிவிட்டது.

"பாதி மூஞ்சி இல்லாம நான் என்னத்துக்கு? குடிக்கிற தண்ணி ஒழுகும். பேசினா எவனுக்கும் புரியாது. நீ தினம் என்னைப் பாத்துக்கிட்டே சாப்பிடணும்."

"சாப்பிடுறேன்."

"இன்னைக்குச் சொல்லுவ."

"நான் என்னைக்கு உங்க மூஞ்சியப் பாத்து சாப்பிட்டேன்? முப்பது வருஷமா பாலிஷ் டப்பாவப் பாத்துக்கிட்டுத்தான் சாப்பிடுறேன். கன்னத்தக் காட்டுங்க."

அவர் பின்னால் நகர்ந்தார். நோய் இன்னதென்று தெரிந்ததிலிருந்து ஆஸ்பத்திரிக்காரர்களைத் தவிர வேறு யாரையும் அவர் அந்தக் கன்னத்தைத் தொட விட்டதில்லை. அவள் விடவில்லை. ஒரு கையால் பின்தலையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையின் நான்கு விரலையும் கன்னத்தில் வைத்தாள். பலகையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளத்தையெல்லாம் கண்டுபிடிக்கிற விரல்கள் அவை. தாடை ஓரத்துப் புள்ளியிலிருந்து மெல்ல மேலே போனாள். காதுக்கு முன்னால் நின்றாள். மறுபடி கீழே வந்து மறுபடி மேலே போனாள்.

"கடைசியா எப்ப அளந்தீங்க?"

"நேத்து. இருபத்தாறு."

"புள்ளியத் தாண்டிடுச்சுங்க. காதுக்கு மேல ஏறிப் போகுது."

"என் விரலுக்குத் தெரியாதா?"

அவள் போய் உப்புத்தாள் கட்டிலிருந்து இரண்டு தாள் எடுத்து வந்தாள். ஒன்று எண்பதாம் நம்பர், முள் மாதிரி குத்தும். இன்னொன்று முந்நூற்றிருபது, கடைசித் தேய்ப்புக்கு, பட்டு மாதிரி இருக்கும். கண்ணை மூடச் சொல்லி இரண்டையும் அவர் விரலுக்கு அடியில் வைத்தாள். வேலை தெரியாதவன்கூடத் தொட்டதும் சொல்லிவிடுவான். அவர் கட்டைவிரலால் தேய்த்தார். எல்லா விரலாலும் தேய்த்தார். சீவல் ஒட்டியிருக்கிறதோ என்று வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி தேய்த்தார். தம்பி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான்.

"தெரியல" என்றார் கதவுக்காரர், கண்ணைத் திறக்காமலே.

விரல் மரத்துப்போன நாளிலிருந்து அவர் எழுதிய எண்ணெல்லாம் அவருடைய ஆசை எழுதிய எண்தான். அப்புறம்தான் ஒவ்வொன்றாகச் சொன்னார். பத்து நாளாகக் காதுக்குள் குத்துகிறது, வாய் இரண்டு விரலுக்குக்கூடத் திறப்பதில்லை, சாப்பிடுகிற நேரத்தில் பட்டறைக்கு வந்து சோற்றைக் கரைத்துத் தனியாகக் குடித்துவிட்டுப் போகிறார். புண் கடைசியாக ஒருமுறை பொருமிவிட்டு அடங்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். அவள் அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கையால் அவர் தலையை இழுத்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். மூன்று பேரும் மரத்தூளில் உட்கார்ந்து அழுதார்கள்.

மறுநாளே போனார்கள். டாக்டர் திட்டுவார், காலில் விழலாம் என்று அவள் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனாள். டாக்டர் திட்டவில்லை. கன்னத்தை அழுத்திப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொன்னார், படத்துக்கு எழுதிக் கொடுத்தார். திட்டாததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

நான்கு நாள் கழித்து முடிவு சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். கதவுக்காரரை ரத்தம் எடுக்கிற அறைக்கு அனுப்பிவிட்டு, அவளையும் தம்பியையும் மட்டும் உள்ளே உட்கார வைத்தார் டாக்டர்.

"எலும்புக்குப் பின்னாடி போயி மண்டைக்கு அடியில ஏறிடுச்சும்மா. எல்லா டாக்டரும் சேர்ந்து உக்காந்து பாத்தோம். அங்க கத்தி போகாது."

"அன்னைக்கே வந்திருந்தா?"

"அதை இப்பப் பேசி என்ன பண்றது."

"எனக்குத் தெரியணும்."

டாக்டர் அவளைப் பார்த்தார். "அன்னைக்கு எடுத்திருக்கலாம்" என்றார்.

தம்பி எழுந்து வெளியே போகப் பார்த்தான். அவள் அவன் முழங்காலில் கையை வைத்து அழுத்திக்கொண்டே கேட்டாள், மறுபடி மருந்து கொடுத்துச் சுருக்க முடியாதா என்று.

"வேற மருந்து குடுக்கலாம். வலி குறையும். கொஞ்ச நாள் கூடக் கிடைக்கும்."

"அதுக்கப்புறம் வெட்டலாமா?"

"இல்லம்மா. அவர்கிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"நானே சொல்றேன்" என்றாள்.

சொல்லத்தான் எழுந்தாள். அத்தனை கோபம் இருந்தது அவளுக்கு. நீ கெட்டாய், என்னையும் கெடுத்தாய், என் தம்பியின் தலையில் ஆயுசுக்கும் இறங்காத பாரத்தை ஏற்றி வைத்தாய் என்று நடைபாதை நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அவர் பெஞ்சில் முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலடியில் தட்டு, தம்ளர், போர்வை வைத்த பை. ஆபரேஷனுக்கு முன்னால் சவரம் செய்ய வேண்டும் என்று யாரோ சொன்னது ஞாபகம் இருந்து, காலையில் தானே கண்ணாடி முன்னால் நின்று முகத்தை மழித்திருந்தார். கை தடுமாறி மூன்று இடத்தில் வெட்டியிருந்தது.

"எப்பங்கிறாங்க?" என்றார். பல்லுக்கு நடுவிலிருந்து பேச்சு நசுங்கி வந்தது. "நாளைக்கேன்னாலும் சரின்னு சொல்லு. எவ்வளவு வேணா எடுத்துக்கட்டும். கண்ணு வரைக்கும் எடுக்கணும்னாலும் எடுக்கட்டும். தப்பு என்னோடதுதான்னு சொல்லிடு, நான் வேணா மன்னிப்புக் கேக்குறேன்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஞ்சை எடுத்துப் பார்த்தாள், ரத்தம் நின்றிருந்தது.

"இப்ப வேணாமாம்" என்றாள்.

"ஏன்?"

"நாமதான் அவசரப்பட்டு வந்துட்டோமாம். இன்னும் ஈரம் இருக்குதாம். மறுபடி மருந்து குடுத்து, நல்லா சுருங்கி நின்ன பிறகு வெட்டிக்கலாம்னுட்டாங்க."

அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

"அவங்க வாயால சொன்னாங்களா?"

"அவங்கதான் சொன்னாங்க. இவனும் கூட இருந்தானே, கேளுங்க."

"ஆமா மாமா" என்றான் தம்பி. சொல்லிவிட்டுக் கைகழுவுகிற குழாயடிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றான்.

கதவுக்காரர் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பலகை காயவில்லை என்று வீட்டுக்காரர்களைத் திருப்பி அனுப்பும்போது முகத்தில் வருமே, அந்தத் திமிர், வீங்காத பாதி முகத்தில் மெல்ல வந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றார்.

"சொன்னீங்க" என்றாள் அவள். "நாங்கதான் கேக்கல."